அதிகாரியை ஆடவைத்த வீடு

என் தம்பி ஆம்புரோஸ் கியோவுக்கு ஆண்டவன் வாயைக் கொடுத்தது சாப்பிடுவதற்கு மட்டும்தான் என்று ஸ்கெரி ஹார்பரில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். மற்றபடி தங்கமான ஆள். நியூஃபவுண்ட்லாந்து தீவின் எங்கள் கரையில் நண்டு எங்கே கிடக்கிறது என்று அவனைக் கேட்டுத்தான் மற்றப் படகுகள் கூண்டு இறக்கும். யாருடைய பனிவண்டி மக்கர் பண்ணினாலும் அவன் கொட்டகையில் கொண்டுவந்து தள்ளுவார்கள், மறுநாள் அது ஓடும். ஆனால் பேச மாட்டான். நடன நாளில் சர்ச் கூடத்துச் சுவர் விழுந்துவிடுமோ என்று பயந்தவன் மாதிரி அதற்கு முதுகைக் கொடுத்து நிற்பான், பிறகு வீட்டுக்கு வந்துவிடுவான். ஐம்பது வயதுவரை அப்படியே நின்றான்.

நான் பெர்னடெட், அவனுக்கு மூத்தவள், எதிர்வீட்டுக்காரி. இவனுக்கு நான் பெண் பார்த்த கதையைச் சொன்னால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கும். ஒரு டீச்சரை ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வரவழைத்தேன். உப்பிட்ட மாட்டிறைச்சி, முட்டைகோஸ், கேரட் எல்லாம் ஒரே பானையில் வேகவைத்து, அவளை இவன் பக்கத்தில் உட்காரவைத்தேன். இவன் மூன்று தட்டு காலி பண்ணினான். கடைசியில் அவள் பக்கம் திரும்பினான். ஆகா, ஏதோ சொல்லப்போகிறான் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "அந்தக் கடுகு சாஸ இப்படித் தள்ளுங்க" என்றான். அவள் இப்போது மருந்துக்கடைக்காரரின் மனைவி, நன்றாக இருக்கிறாள்.

அப்படிப்பட்டவன் தானாகவே ஒருத்தியைப் பிடித்தான் என்றால் யார் நம்புவார்கள்? நெலிடா பெரு நாட்டுக்காரி. சிம்போட்டே என்ற மீன்பிடித் துறைமுகத்தில் வளர்ந்தவள். டொரண்டோவில் இருக்கும் சித்தி மகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்தாள். வந்த இடத்தில், கடலில் மிதந்து வரும் பனிமலையைப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்து எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தாள். அன்றைக்குப் படகோடு சும்மா இருந்தவன் ஆம்புரோஸ் ஒருவன்தான். கூட்டிக்கொண்டு போனான். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. ஊர் எஞ்சினை எல்லாம் ஓடவைக்கிறவனுக்கு அன்று மட்டும் தன் எஞ்சினை ஓடவைக்கத் தெரியவில்லையாம். அதைப் பற்றி என் புருஷன் லியோவுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, அதை இங்கே சொல்ல முடியாது. பொழுது சாய்ந்து கரைக்கு வந்தபோது நெலிடா சிரித்துக்கொண்டிருந்தாள், தம்பிக்கு இரண்டு காதும் சிவந்திருந்தது. கோடை முடிவதற்குள் கல்யாணம்.

முதலில் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை, பொய் சொல்வானேன். வந்த வாரமே நல்ல காட் மீனைத் துண்டு போட்டு, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் வெங்காயமும் பிசறி, அப்படியே பச்சையாக மேசையில் வைத்தாள்.

"அடுப்புல வைக்க மறந்துட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணி, இது இப்படித்தான்."

லியோ ஒரு வாய் எடுத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு வாய் எடுத்தான். பிறகு கிண்ணத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் நெலிடா கட்சி. எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. தம்பி வீட்டுக்குள் போனால் சிரிப்புச் சத்தம் கேட்கிறது, அவன் சட்டைக்கெல்லாம் பட்டன் இருக்கிறது, அவன் எடை கூடியிருக்கிறது. இதற்கு மேல் ஒரு நாத்தனார் என்ன குறை சொல்ல முடியும்?

ஆனால் நாம் ஒத்துக்கொண்டால் போதுமா? அரசாங்கம் ஒத்துக்கொள்ள வேண்டும். பார்க்க வந்தவள் இங்கேயே நிரந்தரமாக இருக்க வேண்டுமானால், புருஷன் ஸ்பான்சர் பண்ணி விண்ணப்பிக்க வேண்டும். இது நிஜமான கல்யாணம்தான், விசாவுக்காகக் கட்டிய கல்யாணம் இல்லை என்று அவர்கள் நம்ப வேண்டும். நம்பாவிட்டால் நெலிடா பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நம்பவைக்கிற லட்சணத்தில்தான் நாங்கள் இருந்தோம். கல்யாண ஃபோட்டோ அனுப்பச் சொன்னார்கள். எடுத்துப் பார்த்தால் ஒன்றில்கூட மாப்பிள்ளை இல்லை. ஃபோட்டோ என்றாலே கூச்சப்பட்டு, கல்யாணம் பூராவும் ஆம்புரோஸ் பின்பக்கம் லாப்ஸ்டர் பானையைக் கிண்டிக்கொண்டு நின்றிருக்கிறான். நெலிடா பக்கத்தில், எல்லாப் படத்திலும், பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறவன் என் லியோ. வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினோம்.

அடுத்து ஃபோனில் ஒரு விசாரணை. எங்கள் பக்கத்து ஆட்கள் 'ஆமாம்' என்பதை வாயைத் திறந்து சொல்வதில்லை. மூச்சை உள்ளே இழுத்து 'ஹ்' என்போம், அதற்கு ஆமாம் என்று அர்த்தம், ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஃபோனில் பேசிய அதிகாரி அம்மாள் கேட்டாள்: உங்கள் மனைவி உங்களோடுதான் வசிக்கிறாரா? தம்பி மூச்சை இழுத்தான். கல்யாணம் உங்கள் விருப்பத்தோடு நடந்ததா? மூச்சை இழுத்தான். அவரை நேசிக்கிறீர்களா? இந்தத் தடவை மனசார, நெஞ்சு புடைக்க இழுத்தான். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்டிருக்காது. "பதில் இல்லை, மேற்கொண்டு விசாரிப்போம்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

"டேய், வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்று கத்தினேன்.

"சொன்னேனேக்கா" என்றான்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தகவல் இல்லை. நெலிடா சிரிப்பதைக் குறைத்தாள். பெட்டியைப் பரணில் போடாமல் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தாள். தம்பி முன்பு பேசாதவன், இப்போது சாப்பிடவும் இல்லை. அவன் மூன்றாவது தட்டை வேண்டாம் என்று சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

இரண்டாவது கிறிஸ்துமஸும் வந்தது. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் ஒரு நாளோடு முடியாது, ஜனவரி ஆறாம் தேதிவரை பன்னிரண்டு நாள் இழுக்கும். அந்த நாட்களில் மம்மர்கள் வருவார்கள். ஊர்க்காரர்கள்தான், வேஷம் போட்டுக்கொண்டு. ஆண்பிள்ளை பொம்பளை கோட்டைப் போடுவான், பொம்பளை மீன்பிடிக்கப் போகிறவனின் எண்ணெய்த்துணி அங்கியைப் போடுவாள், பூட்ஸ் ஒன்றுக்கொன்று சேராது, வயிற்றில் தலையணை, முகத்தில் துணி. குரல் தெரியக் கூடாது என்று மூச்சை உள்ளே இழுத்தபடியே பேசுவார்கள். யார் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். குத்தலாம், கிள்ளலாம், ஆடவைக்கலாம். பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் முகத்தைத் திறப்பார்கள், ரம்மும் பழக்கேக்கும் கொடுக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. நேரே வந்து அடுப்பங்கரையில் உட்காருவோம். தட்டுகிறவன் மம்மர் மட்டும்தான்.

இனி, எங்களுக்குப் பின்னால் தெரிந்ததை உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஜனவரி ஐந்தாம் தேதி குடியேற்ற அலுவலகத்திலிருந்து கார்ல் ஃப்ரீசன் என்று ஒருவர், ஆம்புரோஸின் குடும்பத்தை நேரில் பார்த்துவிட்டு வர, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினார். கடலே இல்லாத கோதுமை வயல் பக்கத்து ஆள், எங்கள் தீவுக்குப் புதுசு. மலைச்சரிவில் கார் பள்ளத்தில் இறங்கிவிட்டது. இறங்கித் தள்ளப்போனவர் இடுப்புவரை பனியில் புதைந்து தொப்பலாகிவிட்டார். பக்கத்திலிருந்த விதவை ஃபிலோமினா அவரை உள்ளே இழுத்துப்போட்டு, ஈரக்கோட்டைக் கழற்றச் சொல்லி, தன்னிடம் இருந்ததைக் கொடுத்தாள். இருந்தது ரோஜாப்பூ போட்ட அவளுடைய பழைய கோட்டு, அவள் புருஷனின் முழங்கால் பூட்ஸ் ஒரு கால், தோட்டத்து பூட்ஸ் ஒரு கால். முகத்தையும் தலையையும் கம்பளித்துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டாள். அந்தக் கோலத்தில் மனுஷன் மேட்டில் ஏறி, ஆம்புரோஸ் வீட்டுக் கதவைத் தட்டினார்.

உள்ளே நாங்கள் நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தோம். "மம்மருங்களா? வாங்க வாங்க" என்று லியோ குரல் கொடுத்தான்.

வந்தது ஓர் உருவம். மூக்குக்கண்ணாடி பூராவும் ஆவி. மேடு ஏறிய இரைப்பில் ஒவ்வொரு சொல்லும் மூச்சை இழுத்து இழுத்துத்தான் வந்தது.

"நான்... குடியேற்ற... அலுவலகத்துலேர்ந்து... வர்றேன்."

லியோ மேசையில் அறைந்து அறைந்து சிரித்தான். "அடப் படுபாவி, இந்த வருஷம் பரிசு உனக்குத்தாண்டா."

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. கேலி பண்ண வேறு விஷயம் கிடைக்கவில்லையா? ஆனால் நெலிடா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அப்புறம் நான் எதற்குக் கோபப்பட வேண்டும்?

"பக்கத்துக் குடா ஜெரார்டுதான் இது, உசரத்தப் பாரு" என்றேன்.

"ஜெரார்டுக்கு ஏது இவ்ளோ தொப்ப? உள்ள தலகாணி" என்றான் லியோ.

நான் எழுந்து போய்க் குத்திப் பார்த்தேன். "நல்ல தலகாணியாத்தான் வச்சிருக்கான்."

"அம்மா, அது தலகாணி இல்லீங்க."

"பின்ன ஆமான்னா சொல்லுவ?" என்று இன்னொரு குத்து குத்தினேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு லியோவை உற்றுப் பார்த்தார். "கல்யாண ஃபோட்டோவுல இருக்கறவர் நீங்கதானே?"

"நானேதான் மாப்பிள்ள" என்றான் லியோ. ஆம்புரோஸைக் காட்டி, "இவன் லாப்ஸ்டர் அவிக்க வந்தவன்."

"அப்போ இவங்க?" என்று என்னைக் காட்டினார்.

"நான் மூத்த சம்சாரம்" என்றேன். எனக்கும் குஷி வந்துவிட்டது.

"இவங்க எந்த எடத்துல படுக்கறாங்க?" என்று நெலிடாவைக் காட்டிக் கேட்டார்.

"அவ வீட்டுல. ஆம்புரோஸ் கொட்டகையில, பனிவண்டியக் கட்டிப்புடிச்சுக்கிட்டு" என்றான் லியோ.

நெலிடா விடுவாளா? "அந்தப் பனிவண்டிக்காகத்தான் சார் நான் கட்டிக்கிட்டேன். காயிதம் கைக்கு வந்த அன்னிக்கே பாதிரியாரோட ஓடிப்போறேன்."

அப்போதுதான் அது நடந்தது. என் தம்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றான். தொண்டையைச் செருமினான். "எனக்கு இந்தம்மா யாருன்னே தெரியாதுங்க" என்றான். "பனிமலை பாக்க வந்தாங்க. மலை போயிருச்சு. இவங்க போகல."

ஐம்பது வருஷத்தில் அவன் சொன்ன முதல் ஜோக். லியோ நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டான். நெலிடா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்ததை எங்கே கொண்டுபோய்ப் போட்டான் பாருங்கள்.

லியோ அக்கார்டியனை எடுத்தான். "ஆடுப்பா. ஆடாம பேரு சொல்ல மாட்டோம்."

"நான் ஆட வரலீங்க" என்றார் அவர்.

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்று நான் அவரைப் பிடித்து இழுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, இரண்டு சுற்று சுற்றியதும் அந்தச் சேராத பூட்ஸைப் போட்டுக்கொண்டு மனுஷன் நன்றாகவே தாளம் தட்டினார். மூன்றாவது சுற்றில் கம்பளித்துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்தது.

சிவந்து வியர்த்த ஒரு முகம். யாருடைய முகம் என்று தெரியவில்லை. எங்கள் கரையில் எனக்குத் தெரியாத முகம் கிடையாது.

"யாருப்பா நீ? ஜெரார்டு மச்சானா?" என்றான் லியோ.

அவர் ரோஜாப்பூ கோட்டுக்குள் கைவிட்டு அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். லியோவின் கை தளர்ந்து அக்கார்டியன் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. நெலிடாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயா, கேக் சாப்பிடறீங்களா?" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அம்மா, நீங்க ரொம்ப நல்லா குத்தறீங்க" என்றார் அவர், வயிற்றைத் தடவிக்கொண்டு. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஃபோன்ல இவர் பதிலே சொல்லல. ஃபோட்டோவுல இவர் இல்லவே இல்ல. இப்போ இவங்க யாருன்னே தெரியாதுன்னு என் காதுல விழ சொல்லிட்டார். நான் திரும்பிப் போய் என்னன்னு சொல்றது? கடைசியா ஒரு தடவ கேக்கறேன், ஆம்புரோஸ் மட்டும் பேசட்டும். நீங்க ரெண்டு பேரும் எப்படி சேந்து வாழறீங்க? எங்க படுக்கறீங்க? நானா கேக்கல, கேக்கச் சொல்லியிருக்காங்க."

தம்பி என்னைப் பார்த்தான். "அக்கா."

"என்னடா?"

"வெளிய போ."

"வெளியவா? பனி கொட்டுதேடா."

"உன் முன்னாடி இதெல்லாம் சொல்ல முடியாது. மாமாவையும் கூட்டிக்கிட்டுப் போ."

இவனை வளர்த்ததற்கு எனக்கு இதுதான் மரியாதை. போனோம், போய் வாசல் ஒட்டுக்கூரைக்கடியில் நின்றோம். கதவைச் சாத்திவிட்டான். உடனே இரண்டு பேரும் அதில் காதை வைத்தோம்.

"தள்ளிக்க, எனக்குக் கேக்கல" என்றான் லியோ.

"கேட்டவரைக்கும் போதும், வாய மூடு."

உள்ளே தம்பி குரல் கேட்டது. அவன் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை.

"அவ சுவத்துப் பக்கம், நான் ஜன்னல் பக்கம். ஜன்னல்ல குளிர் வரும், அதான். அவ கால் ஐஸுங்க. ரெண்டு கம்பளிக் காலுறை போட்டாலும் ஐஸ்தான். படுத்த ஒடனே கொண்டுவந்து என் கெண்டக்கால்ல வச்சிருவா. ஆரம்பத்துல துள்ளித் துள்ளி எழுந்தேன். அப்புறம் பழகிருச்சு."

"சரி" என்றது அதிகாரி குரல்.

"நண்டு சீசன்ல ராத்திரி கடல்லயேதான் தங்கறது. போன சீசன்ல படகுல படுத்தா தூக்கமே வரல. மத்தவங்கல்லாம் குறட்ட விடறாங்க, எனக்கு மட்டும் காலு சூடா கெடக்கு. என்னமோ இல்லாத மாதிரி. அடுத்த ராத்திரி ஒரு பாட்டில்ல கடத்தண்ணியப் புடிச்சு, போர்வைக்குள்ள கால்கிட்ட போட்டேன். கெண்டக்கால்ல சில்லுன்னு பட்டுச்சு. தூங்கிட்டேன். அப்புறம் சீசன் முடியறவரைக்கும் அப்படித்தான்."

உள்ளே நாற்காலி நகர்ந்தது, மறுபடியும் தம்பி குரல்.

"இதுக்கெல்லாம் ஃபோட்டோ கிடையாதுங்க. யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. அவ போயாகணும்னா இப்பவே சொல்லிடுங்க. வீட்டுலயும் பாட்டில வச்சுக்கிட்டு எத்தன வருஷம்தான் தூங்கறது?"

பிறகு பளார் என்று ஒரு சத்தம், நெலிடாவின் கை தம்பி முதுகில். "மடையா, கடத்தண்ணியா புடிப்ப? ஒழுகினா மெத்தையெல்லாம் உப்பாகாதா? படகுல நல்ல தண்ணியே இல்லியா?" திட்டிக்கொண்டே இருந்தாள், அப்படியே திட்டு அழுகையாக மாறியது.

நானும் அழுதேன். ஜனவரி மாதம் எங்கள் ஊரில் வெளியே நின்று அழக் கூடாது, இமை ஒட்டிக்கொள்ளும். தெரிந்தும் அழுதேன். லியோ தன் பூட்ஸை என் பூட்ஸோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷனுக்குக் கால் குளிருமா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. ஆனால் தள்ளி நில் என்று சொல்லவும் இல்லை.

அதிகாரி வந்து கதவைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியில் மறுபடி ஆவி. "உள்ள வாங்கம்மா. எனக்குக் கேக்க வேண்டியது ஒண்ணும் இல்ல" என்றார். பனி தள்ளும் வண்டி வருவதற்கு நேரமாகும் என்றதும் நெலிடா பச்சை மீன் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள். ஒரு வாய் எடுத்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொரு வாய் எடுத்தார். லியோ அவர் கிளாஸில் ரம்மை ஊற்றி, "பேரச் சொல்லியாச்சு, இனி உனக்கு உரிமை இருக்கு" என்றான்.

மார்ச் மாதம் நெலிடாவுக்கு நிரந்தர வசிப்புரிமை வந்தது. அதுவரை கரையை விட்டு ஓர் அடி நகரவும் அவளுக்குப் பயம், திரும்ப உள்ளே விடமாட்டார்களோ என்று. ஏப்ரலில் நண்டு சீசன் தொடங்கியதும் முதல் ஆளாகப் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஒரே ஆள் படுக்கிற பலகைக் கட்டில் அது, என் தம்பியோ மூன்று தட்டு சாப்பிடுகிற ஆள். எப்படிச் சமாளிக்கப்போகிறார்கள் என்று எனக்கு ஒரே கவலை.

முதல் பயணம் முடிந்து வந்ததும் படகுத்துறைக்கே போய்விட்டேன். நெலிடா கூண்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"ராத்திரி தூங்கினியாடா?" என்று கேட்டேன்.

"எங்க தூங்க விட்டா? ராத்திரி பூரா ஐஸு" என்றான்.

சொல்லிவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். நான் வீட்டுக்குப் போய் அவனுக்கு மூன்று தட்டுக்கு இறைச்சி வேகவைத்தேன்.